இரும்பு நாட்டு வரைபடம்

எங்கள் அப்பா செபாஸ்டியன், ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டர். அந்த முப்பத்தொரு வருஷத்தில் உள்ளே என்ன செய்கிறார் என்று வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அம்மா கேட்டால் "இரும்பு வேலை" என்பார். சின்ன வயதில் நான் கேட்டால் "பெரிய இரும்பு வேலை" என்பார். குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டு ஆண்களும் அப்படித்தான் என்றாலும் எங்கள் அப்பா ஒரு படி மேல். தூக்கத்தில்கூட உளறாத மனுஷன் என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவரை, தொழிற்சாலை ரகசியத்தை வெளியே விட்டார் என்று சொல்லி 1999 ஜூலையில் சஸ்பெண்ட் செய்தார்கள். காரணம் நான்தான். மழுப்ப ஒன்றுமில்லை.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உத்தமன் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாடியில் ஒரே ஹால், ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். உத்தமன் உள்ளூர்க்காரன், என்னைவிட நாலு வயது பெரியவன். வாரத்தில் ஆறு நாள் பாடம் நடக்கும். ஞாயிறு மத்தியானம் மட்டும் விளையாட்டு. வேலப்பன்சாவடி பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர் வந்துவிடுவார்கள். சர்ச்சில் பூசை முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு நானும் பஸ் ஏறிவிடுவேன்.

ராஜாக்களும் பூதங்களும் சண்டை போடும் விளையாட்டு அது. ஒவ்வொருவருக்கும் ஒரு கோட்டை, கொஞ்சம் படை. நாடு முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு நாளைக்குப் படை இத்தனை கட்டந்தான் நடக்கலாம் என்று கணக்கு உண்டு. புல்தரை என்றால் வேகமாகப் போகும், சேறு என்றால் பாதி வேகம், மலை என்றால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வாள் வீச்செல்லாம் சும்மா ஒப்புக்கு. எந்த இடத்துக்கு எத்தனை நாளில் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போடத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான். அதனால்தான் எனக்கு அது பிடித்தது.

இப்படி ஒரு விளையாட்டை எடுத்து நம் இஷ்டத்துக்கு மாற்றினால் அதற்கு மோட் என்று பெயர். உத்தமன் படங்களை மாற்றினான், பெயர்களை மாற்றினான். வெள்ளைக்கார ராஜாக்கள் எல்லாம் மீசை வைத்துக்கொண்டு நம் ஊர்க் குறுநில மன்னர்கள் ஆனார்கள். நாடு வரைவது என் வேலை. பையன்கள் அதைப் பூந்தமல்லி மோட் என்றார்கள். ஆறு மாதத்தில் அந்த நாட்டின் மூலை முடுக்கெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. ஆரம்பித்த பத்தாவது நிமிஷமே யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லிவிடும் நிலைமை.

"செலினு, பசங்க கொட்டாவி உடுறானுங்க," என்றான் உத்தமன். "மேப்பை டபுள் ஆக்கிடு. எயுபத்திரண்டு கட்டத்தை நூத்தி நாப்பத்தி நாலு ஆக்கு. நாலு பக்கமும் புது நாடு."

"நாலு பக்கமும் நீயா வரையப் போற?"

"எனக்கு கோடு கீசவே வராது. நீ தான் கணக்கு புலி ஆச்சே."

இரண்டு பக்கமும் இரட்டிப்பு என்றால் மொத்தத்தில் நாலு மடங்கு என்பது அந்த அறிவாளிக்குத் தெரியவில்லை. பதினைந்தாயிரம் கட்டத்தையும் ஒவ்வொன்றாக மவுஸால் தொட்டு நிரப்ப வேண்டும். வீம்புக்கு ஒத்துக்கொண்டேன்.

வடக்கே பனிமலை வைத்தேன், கிழக்கே கடலும் தீவும். தெற்கே காடு வைத்து, அதற்குள் ஒன்பது பேய்களை விட்டேன். மார்ச்சில் ஆரம்பித்து மே மாதத்துக்குள் மூன்று திசையும் முடிந்துவிட்டது. மேற்கு மட்டும் வரவில்லை. என்ன வரைந்தாலும் ஏற்கெனவே வரைந்த மாதிரியே இருந்தது. கற்பனை வற்றிப்போனால் எவ்வளவு எரிச்சல் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு வாரம் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் குவார்ட்டர்ஸ் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வேலை முடியும் சங்கு ஊதியது. தொழிற்சாலைக் கேட்டிலிருந்து எங்கள் தெரு இரண்டு நிமிஷ நடை. சங்கு ஊதிய நாலாவது நிமிஷம் ஸ்டோர்ஸ்காரர்கள் கேட்டுக்கு வருவார்கள். ஒன்பதாவது நிமிஷம் பக்கத்து வீட்டு லட்சுமணன் மாமா. அப்பா பதினைந்தாவது நிமிஷம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்த வரிசை மாறியதில்லை. உள்ளே சைக்கிள் விடமாட்டார்கள், எல்லோரும் நடைதான். அப்படியென்றால் யார் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்பது சங்கிலேயே இருக்கிறது. இத்தனை வருஷம் கண் முன்னால் ஒரு நாடு இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப்பிலேயே நின்று சிரித்தேன்.

மேற்கே இரும்பு நாடு அப்படித்தான் வந்தது. குள்ளர்கள் ஆளும் நாடு, எந்நேரமும் உலை எரியும். கோட்டை வாசலிலிருந்து அரசவைப் பட்டறைக்குப் பதினைந்து நிமிஷ நடையைக் கட்டமாக மாற்றினேன். எந்தத் திசையில்? அப்பாவின் வலது காது இடது காதைவிடக் கறுப்பு. வலது கையும் அப்படித்தான். காலையில் வடக்கே பார்த்து நடந்தால் வலது பக்கம் வெயில். சாயங்காலம் தெற்கே பார்த்துத் திரும்பினால் அப்போதும் வலது பக்கந்தான் வெயில். ஆக, பட்டறை வாசலுக்கு நேர் வடக்கே. சித்திரை வெயிலில் ஊரே புழுதி பறக்கும்போது அப்பாவின் பூட்ஸ் அடியில் மட்டும் ஈரக் களிமண் ஒட்டியிருக்கும். ஆக, வழியில் வற்றாத ஒரு சேற்றுக் குட்டை. ராத்திரி அப்பா சத்தமாகப் பேசினால் இடைவிடாத இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார் என்று அர்த்தம். ஆக, குட்டைக்கு அந்தப் பக்கம் உறுமும் மிருகங்களின் கொட்டில்.

மிருகங்கள் என் கற்பனை. மற்றதெல்லாம் கணக்கு. நான் செய்தது தப்பு என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லையே, யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

பையன்கள் கொண்டாடினார்கள். உத்தமன் முழு நாட்டையும் பன்னிரண்டு தாளில் பிரிண்ட் எடுத்து ஒட்டிச் சுவரில் மாட்டினான். "மாமே, இது ஆட்டம் இல்ல, அட்லஸ்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான்.

அந்தச் சமயத்தில் தொழிற்சாலை ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. கிளார்க்குகள் ஆளுக்கொரு சென்டரில் கற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருக்கோடி வீட்டு வேதமுத்து அங்கிள் எங்கள் சென்டருக்கு வந்தார். ஜூலை முதல் வாரம். எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். சென்டரில் டீக்குடிக்க எழுந்தவர், சுவர்ப் பக்கம் போய் நின்றார். நின்றவர் நகரவில்லை.

"இது என்ன செலின்?"

"விளையாட்டு அங்கிள். நான்தான் வரைஞ்சேன்."

"இந்த மேற்குப் பக்கம்?"

கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பையன்கள் யாரும் எப்படி வரைந்தாய் என்று கேட்டதில்லை. "நம்ம ஃபாக்டரிதான் அங்கிள்!" என்று ஆரம்பித்து, வாசல் எது, எங்கள் அப்பா நடக்கிற வழி எது, எத்தனை நிமிஷம் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளைக்காவது இருட்டில் பாம்பு தெரியாது. நான் ட்யூப்லைட் வெளிச்சத்தில் நின்று கத்தினேன்.

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அப்பா வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில் அவரை வீட்டில் பார்த்ததே இல்லை என்பதால் அம்மா ஞானம்மாள் பயந்துபோனாள். "உடம்புக்கு என்ன?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒண்ணும் இல்ல," என்றார். சாயங்காலம் வரைக்கும் அந்த ஒன்றுமில்லையைத் தவிர வேறு வார்த்தை இல்லை.

விஷயத்தைச் சொன்னவர் லட்சுமணன் மாமா. அவர் யூனியனில் இருந்தார். விசாரணையில் அப்பாவுக்குத் துணையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மனைவி வனஜா அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் ஹாலில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ராமன்னு செக்யூரிட்டி ஆபீசர். மிலிட்டரில இருந்து வந்தவரு. காலைலயே சென்டருக்கு ஆள் அனுப்பி எடுத்துட்டு வந்த மேப்பை மேசைல விரிச்சு வச்சுட்டு, 'இது சரியா தப்பா, சொல்லுய்யா'ங்கிறாரு. இந்த மனுஷன் வாயத் திறக்கணுமே. 'அதை நான் சொல்லக் கூடாது சார்'ங்கிறாரு."

"ஆபீசர்கிட்டயே?" என்றாள் அம்மா.

"ஆமா. வேலைக்குச் சேந்தப்போ கையெழுத்து போட்டிருக்காராம். செக்‌ஷன் விஷயத்தை செக்‌ஷன் ஆபீசர் எழுத்துல சொன்னாலொழிய யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு. நாங்களும்தான் போட்டோம், எவனுக்கு ஞாபகம் இருக்கு? ராமனுக்கு முகம் செவந்து போச்சு. சஸ்பென்ஷன் ஆர்டர் கையில குடுத்துட்டாரு. மூணு நாள் டைம். அதுக்குள்ள இது எப்படி வெளிய வந்துச்சுன்னு விளக்கம் தரணும். இல்லன்னா கேஸ் மேல போயிரும். மேல போனா டிஸ்மிஸ்தான்."

அப்பாவுக்கு ஓய்வு பெறப் பதினெட்டு மாதம் பாக்கி. டிஸ்மிஸ் என்றால் பென்ஷன் கிடையாது, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதெல்லாம்கூடப் போகட்டும். முப்பத்தொரு வருஷம் வாயைத் தைத்துக்கொண்டு இருந்த மனுஷன் வாயாடி என்று பெயரெடுத்து வெளியே வருவார்.

மாமா போனதும் அப்பா காலடியில் போய் உட்கார்ந்தேன். "தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சிருமேப்பா. இந்தப் பொண்ணு ஏதோ கிறுக்கியிருக்கா, எல்லாம் தப்புன்னு சொல்லுங்க."

"தப்புன்னா எது தப்புன்னு கேப்பாரு," என்றார் அப்பா. அன்று காலையிலிருந்து அதுதான் அவருடைய முதல் முழு வாக்கியம். தூத்துக்குடிப் பேச்சு அவரை விட்டுப் போகவே இல்லை. "தப்பானதைச் சொல்லிட்டா மிச்சம் சரின்னு ஆயிரும்லா."

"அவர் செக்யூரிட்டி ஆபீசர். அவருக்குத் தெரியாததா?"

"அவருக்குத் தெரியும். பக்கத்துல உக்காந்து டைப் அடிக்கிற பையனுக்குத் தெரியாதுல்லா?"

எனக்கு வந்த கோபத்தில் ஏதாவது உடைத்திருப்பேன். இப்படியும் ஒரு ஆளா! வேலையே போகிறது, டைப் அடிக்கிற பையனைப் பற்றிக் கவலை. "உங்க வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்திவிட்டேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "ஏட்டி, செய்யறதையும் செஞ்சுட்டு அப்பாவையே ஏசுதியா?" என்று அவளே அழுதாள். நானும் அழுதேன். அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் தெருவில் வேதமுத்து அங்கிளை மறித்தேன். "எங்க வீட்ல எத்தனை கிறிஸ்துமஸ் கேக் சாப்பிட்டிருக்கீங்க," என்றேன். அவர் கண் கலங்கியது. "நாளைக்கு வேற யாராவது பாத்து சொன்னா, பாத்துட்டு ஏன்டா சும்மா இருந்தேன்னு என்னைத்தானம்மா கேப்பாங்க," என்றார். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்கு அது நியாயம் என்று தெரிந்தது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். செபாஸ்டியன் மகள், ராமன் சாரைப் பார்க்க வேண்டும் என்றேன். இரண்டு மணி நேரம் காக்கவைத்துவிட்டு, வாசலை ஒட்டிய ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். ராமன் ஒல்லியாக, உட்கார்ந்தாலும் நிமிர்ந்தபடி இருந்தார். மேசையில் என் வரைபடம். டைப் அடிக்கும் பையனும் இருந்தான்.

"இதை எங்கப்பா சொல்லல சார். நானா கண்டுபிடிச்சது."

"எந்தப் பொண்ணும் அப்பாவுக்காக இப்படித்தாம்மா சொல்லும்," என்றார் அவர்.

சங்கைச் சொன்னேன். நாலு, ஒன்பது, பதினைந்து நிமிஷக் கணக்கைச் சொன்னேன். வலது காதைச் சொன்னேன். பூட்ஸ் களிமண்ணைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் தலையாட்டினார்.

"நல்லாத் தயார் பண்ணிட்டு வந்திருக்கீங்க. அப்பா சொன்ன வழிக்கு அப்புறமா காரணம் கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல. உங்கப்பாவுக்கே தெரியாத இடம் ஒண்ணு சொல்லுங்க, நம்புறேன். அவர் காலே வைக்காத ஷாப் எத்தனையோ இருக்கு."

அந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம். ஆனால் அவர் கேட்டது கணக்கு. எனக்குக் கணக்கு என்றால் கை தானாகப் போகும். பென்சிலை எடுத்து, வரைபடத்தில் நான் வெறும் காடாக விட்டிருந்த இடத்தில் ஒரு சதுரம் போட்டேன்.

"இங்க பெயிண்ட் ஷாப். வாசல்லேர்ந்து நேர் கிழக்கே, ஒம்பது நிமிஷ நடை."

டைப் அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"எப்படி?" என்றார் ராமன்.

"பக்கத்து வீட்டு லட்சுமணன் மாமா ஒம்பதாவது நிமிஷம் வாசலுக்கு வருவார். அவருக்குக் காது ரெண்டும் ஒரே நிறம், முகம் மட்டும் கறுப்பு. காலைல கிழக்கே போறப்பவும் சாயங்காலம் மேற்கே வர்றப்பவும் வெயில் மூஞ்சில அடிக்குது. அவர் கைக் கறை சோப்புக்குப் போகாது, தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சாத்தான் போகும்னு வனஜா அக்கா எங்கம்மாகிட்ட எண்ணெய் கடன் கேக்கறப்போ சொல்வாங்க."

ராமன் டைப் அடிப்பவனைப் பார்த்துத் தலையசைத்தார். எழுது என்று அர்த்தம். பிறகு எனக்கு டீ வரவழைத்தார். "வேற?" என்றார்.

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் அந்த ஒன்றோடு நம்பிவிட்டார், முகத்திலேயே தெரிந்தது. அங்கேயே எழுந்து வந்திருந்தால் போதும். அப்பா பிழைத்துவிட்டார் என்ற சந்தோஷமும், பெரிய ஆபீசர் என் மூளையைக் கண்டு அசந்து நிற்கிறார் என்ற கர்வமும் சேர்ந்துகொண்டன. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். எங்கள் தெருவில் ஏழு வீட்டைப் பற்றிச் சொன்னேன். யார் சட்டையில் எரிந்த ஓட்டை, யாருக்கு இருமல், யார் மழை நாளில்கூட நனையாமல் வருவார், எல்லாம் சொன்னேன். பையன் ஒவ்வொன்றையும் அடித்தான்.

அப்பாவின் சஸ்பென்ஷன் அந்த வாரமே ரத்தானது. அடுத்த நாள் லட்சுமணன் மாமாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை அவருக்குத் துணையாக உட்கார யாரும் போகவில்லை. அவரைப் பெயிண்ட் ஷாப்பிலிருந்து மாற்றி, எங்கோ கிடங்கில் போட்டார்கள். மற்ற ஆறு பேருக்கும் எச்சரிக்கை. அதோடு தொழிற்சாலை முழுக்கப் புது உத்தரவு: சங்கு ஊதியதும் யாரும் வெளியே வரக் கூடாது. எல்லா ஷாப்பும் வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகு கேட் ஒரே தடவையாகத் திறக்கும். பூட்ஸைக் கழுவிவிட்டுத்தான் வர வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் தினமும் அரைமணி வெயிலில் நின்றார்கள். எதனால் நிற்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வனஜா அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் கேட்டாள். "அவரு உங்க வூட்டுக்காரருக்காக வாதாடப் போனாரும்மா. உம் பொண்ணு எம் புருஷன் கையக் காட்டிக் குடுத்துட்டா. எண்ணெய் கடன் கேட்டது ஒரு குத்தமா?" நான் உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை. எனக்குத் தைரியம் இல்லை.

பூந்தமல்லியில் வேறு ஒரு வேலை காத்திருந்தது. வரைபடத்தின் எல்லாப் பிரதியையும் ஒப்படைக்க வேண்டும், இரும்பு நாட்டை அழிக்க வேண்டும் என்று ராமன் எழுதி வாங்கியிருந்தார். உத்தமன் வேலப்பன்சாவடி ஹாஸ்டல்களில் ஏறி இறங்கிப் பையன்கள் காப்பி எடுத்து வைத்திருந்த பதினேழு ஃப்ளாப்பியையும் வாங்கி வந்தான். நான் மேற்குத் திசை முழுவதையும் கடலாக்கினேன். ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுத் தண்ணீர் வைத்தேன். பட்டறை போனது, குட்டை போனது, அப்பா நடந்த வழி போனது.

"இன்னா செலினு, வெறும் தண்ணியா கீது," என்றான் உத்தமன். அவன் குரலில் கிண்டல் இல்லை. "ஒரு தீவாவது வையேன்."

"வேணாம்," என்றேன். அதற்குப் பிறகு அந்த நாட்டில் நான் ஒரு கட்டம்கூட வரையவில்லை.

ஆகஸ்டில் எங்கள் தெருவிலிருந்து ஒரு மனு போனது. செபாஸ்டியன் குடும்பத்தின் மேல் வருத்தமில்லை, மகள் மட்டும் குவார்ட்டர்ஸில் இருக்கக் கூடாது என்று. நாற்பத்தொரு பேர் கையெழுத்து. வேதமுத்து அங்கிள் போடவில்லை, லட்சுமணன் மாமா போட்டிருந்தார். ராமன் அப்பாவைக் கூப்பிட்டு, மகள் இனி இங்கே குடியிருக்கமாட்டாள் என்று எழுதித் தரச் சொன்னார். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"போட்டுட்டேன் யம்மா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ சரின்னுதான் சொல்லியிருப்ப. உன்னைச் சொல்லவைக்க எனக்கு மனசு வரல."

என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. அதற்காக மன்னிக்கவும் முடியவில்லை. திருநின்றவூரில் அம்மாவின் அக்கா தாயம்மாள் வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். பெட்டியோடு அங்கே போய்ச் சேர்ந்தேன். சென்டருக்கு ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய்வந்தேன். அம்மா வாராவாரம் வந்தாள். அப்பா வரவில்லை. ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. கையெழுத்துப் போட்டவர் முகத்தைக் காட்ட வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். போகப் போக, அவர் என்னை வெறுக்கிறார் என்றே நினைக்கத் தொடங்கினேன்.

டிசம்பர் முதல் ஞாயிறு அப்பா வந்தார். கையில் சீலா மீன், தூக்குவாளியில் அம்மா வைத்த குழம்பு. பெரியம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். நான் சோறு வடித்து, மீனைப் பொரித்து, இரண்டு தட்டு வைத்தேன். அவர் எதிரே உட்கார்ந்து பிசையத் தொடங்கினார்.

நான் வேண்டுமென்று பார்க்கவில்லை, சத்தியமாக. அவருடைய கட்டைவிரல் நகத்துக்குள் வெள்ளையாக ஏதோ பொடி இருந்தது. முன்பு அங்கே கறுப்பு கிரீஸ்தான் இருக்கும். அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. எந்த மாதிரி இடம் என்றும் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அப்பா தலையைத் தூக்கினார். என் கண் போன இடத்தைப் பார்த்தார். பிசைந்துகொண்டிருந்த கையை மெதுவாகத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எச்சில் கையை வேட்டியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். இத்தனை மாதம் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெறுப்பு இல்லை. அவர் என்னிடம் பயப்படுகிறார். பெற்ற அப்பா.

நான் என் தட்டை எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். "சாப்பிடுங்கப்பா," என்றேன்.

பிறகு தட்டில் கை படும் சத்தம் கேட்டது. பிறகு அப்பா பேசினார். அம்மாவுக்கு முட்டி வலி என்றார். பங்குச்சாமியாருக்கு மாற்றல் வந்திருக்கிறது என்றார். லட்சுமணன் மாமா நேற்றுத் தெருவில் தலையாட்டினார், கிறிஸ்துமஸுக்கு எப்படியும் பேசிவிடுவார் என்றார். தூத்துக்குடியில் சின்ன வயதில் கடலில் முங்கிக் குளித்ததைச் சொன்னார், சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். என் வாழ்நாளில் அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. என் கண்ணீர் சோற்றில் விழுந்துகொண்டிருந்தது, அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் சிரிக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"திரும்பிக்கட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் யம்மா," என்றார். "இன்னும் பதிமூணு மாசம் சர்வீஸ் கெடக்கு."